தாத்தா மடியும் தாய் தந்தை சொல்லும்: தமிழர் பிள்ளை வளர்ப்பு, ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மும்பை போன்ற பெருநகரங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பிள்ளை யாரோடும் ஒட்ட மாட்டேங்கிறான், பொம்மையை யாருக்கும் தர மாட்டேங்கிறான்" என்று மழலையர் பள்ளி ஆசிரியை சொல்லி அனுப்புகிறார். உடனே வீட்டில் இரண்டு கட்சி. "ஊர்லேருந்து அம்மாவைக் கூட்டிட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்" என்பது ஒரு கட்சி. "பாட்டி வந்துதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் சாட்சிக்கு அழைப்பது 'அந்தக் காலத்தை'த்தான்.

அந்தக் காலம் உண்மையில் எப்படி இருந்தது? பேரப்பிள்ளையை வளர்ப்பதில் மூத்தோர் பங்கு எது, பெற்றோர் பங்கு எது, இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுத்தன? இலக்கியம், வழக்கு, அண்மைக்கால ஆய்வு ஆகிய மூன்றையும் துணைகொண்டு இதனைச் சற்று நோக்குவோம்.

பேரன் என்னும் சொல்

மகனுடைய மகனையும் மகளுடைய மகனையும் 'பேரன்' என்கிறோம். 'பெயரன்' என்பதே பேரன் என மருவியது. 'பெயர்த்தி' பேத்தி ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் நம் சமூகங்கள் பலவற்றில் இருந்தது. ஆகவே அந்தப் பெயரைத் தாங்கிய கைக்குழந்தையையும் தாய் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். 'ஐயா', 'சாமி', 'ராசா' என்றே கூப்பிடுவாள். பேசக் கற்கும் முன்பே பிள்ளையின் காதில் மரியாதைச் சொல் விழுந்துவிடும்.

பாட்டியைக் குறிக்கும் சொற்களும் அப்படியே. அப்பத்தா, அப்பாயி, அம்மாயி, அம்மாச்சி, ஆச்சி என்று ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். எந்தப் பாட்டி யார் பக்கம், யாரிடம் எப்படிப் பேச வேண்டும், யாரிடம் எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் இந்தச் சொற்களோடு சேர்ந்தே மூன்று வயதுப் பிள்ளைக்குப் படிந்துவிடும். இன்று 'பழகும் திறன்' என்று தனிப் பாடமாக வைக்கிறார்களே, அதன் அரிச்சுவடி இதுதான்.

சங்கப் பாட்டில் பாட்டி எங்கே?

சங்க இலக்கியத்தில் பாட்டியைத் தேடுகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். தொல்காப்பிய மரபியலில் 'பாட்டி' என்ற சொல் சில விலங்குகளின் பெண்பாற் பெயராக வருகிறது. தந்தையைப் பெற்றவள் என்ற பொருளில் அங்கே இல்லை. அகப்பாடல்களில் பெண்ணை வளர்ப்பவளாக முன்னிற்பவள் செவிலித்தாய். பெற்றவள் நற்றாய். செவிலியின் மகளே தோழி. ஆக, ஒரு பெண்பிள்ளையைச் சுற்றி இரண்டு தாய்மார், உடன்வளரும் ஒரு தோழி என மூவர் இருக்கிறார்கள்.

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடியவர் பேயனார். அதன் முதற்பத்துக்குச் 'செவிலி கூற்றுப் பத்து' என்று பெயர். மணமாகிப்போன தன் வளர்ப்பு மகளின் இல்லத்துக்குச் சென்று பார்த்த செவிலி, திரும்பி வந்து நற்றாயிடம் சொல்வதாக அமைந்தவை அப்பாடல்கள். கணவனும் மனைவியும் குழந்தையை நடுவில் இட்டு உறங்கும் காட்சியை, குட்டியை நடுவில் கிடத்திய மான்களோடு ஒப்பிடுகிறாள். இன்னொரு பாட்டில், தன் தந்தையின் பெயரைத் தாங்கிய சிறுவன் புன்னகையோடு சிறுதேர் உருட்டித் தளர்நடை நடக்கக் கண்டு, தலைவனுக்கு மனைவியிடம் உள்ள அன்பைவிட மகனிடம் பேரன்பு பெருகுவதைச் சொல்கிறாள்.

இதை உறவு முறையில் வைத்துப் பாருங்கள். செவிலியும் நற்றாயும் அந்தச் சிறுவனுக்கு யார்? இருவருமே பாட்டி முறை! இரண்டு பாட்டிமார் பேரனைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பேச்சு அது. சொல் இல்லாவிட்டாலும் ஆள் இருக்கிறாள். அவள் பேசுவதில் பெரும்பகுதி பிள்ளையின் பெற்றோர் ஒருமனப்பட்டு இருக்கிறார்களா என்பதைப் பற்றியதே. வீட்டைப் பார்க்கிறாள், மகிழ்கிறாள், ஊர் திரும்பிப் பெற்றவளுக்கு ஆறுதல் சொல்கிறாள். இடையில் புகுந்து ஆட்சி செய்வதாக அப்பாடல்கள் காட்டவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு அண்மையான பாட்டி ஒருத்தியின் நடத்தைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பிள்ளை வளர்ப்பில் வேலைப் பங்கீடு இருந்தது என்பதற்குப் புறநானூற்றின் 312ஆம் பாட்டும் சான்று. பொன்முடியார் பாடியது. பெற்றுத் தருவது தாய் கடன், சான்றோன் ஆக்குவது தந்தை கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடன், நல்லொழுக்கம் நல்குவது வேந்தன் கடன் என்று பிரித்துச் சொல்கிறார். ஒரு பிள்ளைக்கு ஊரே பொறுப்பு. ஆனால் ஆளுக்கு ஒரு வேலை. எல்லாரும் எல்லா வேலையும் செய்வதில்லை.

எங்கள் சமண மரபின் பெருங்காப்பியமான சீவக சிந்தாமணியிலும் இதே நிலை. அரசி விசயை சுடுகாட்டில் ஈன்ற குழந்தையை எடுத்து வளர்ப்பவர் கந்துக்கடன் என்னும் வணிகரும் அவர் மனைவி சுநந்தையும். கல்வி கொடுப்பவர் அச்சணந்தி அடிகள். நந்தட்டன் முதலியோர் உடன்வளர்கின்றனர். அரசகுமாரன் பிறரோடு பழகக் கற்றது அரண்மனையில் அன்று, ஒரு வணிகர் வீட்டில்.

பிள்ளைத்தமிழின் படிகள்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பின்னர் அது பெரிய இலக்கிய வகையாக வளர்ந்தது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்ற ஏழு பருவமும் இருபாலார்க்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்று சேரும். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என மூன்று சேரும்.

பக்திச் சுவையையும் கற்பனையையும் ஒருபுறம் வைத்து, இந்த வரிசையை மட்டும் கவனித்தால் வேறொன்று புலப்படும். சப்பாணியில் பிள்ளை பிறரைப் பார்த்துக் கைகொட்டுகிறது. முத்தத்தில் கேட்டதைக் கொடுக்கிறது. வாரானையில் கூப்பிட்டால் வருகிறது. அம்புலியில் நிலவை விளையாட்டுத் துணைக்கு அழைக்கிறார்கள். அதுவும் சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நால்வகை உபாயத்தாலும்! நீயும் இவனும் ஒப்பு என்று நயந்து பேசுவது, வந்தால் நன்மை உண்டு என்பது, வேற்றுமையைச் சுட்டுவது, வராவிட்டால் என்னாகும் என்று அச்சுறுத்துவது. கடைத்தெருவில் நாங்கள் பேரம் பேசுவதும் இந்த நான்கில் அடங்கும். சிற்றில் பருவத்தில், நாங்கள் கட்டிய மணல்வீட்டை அழிக்காதே என்று சிறுமியர் அவனிடம் வேண்டுகிறார்கள். பிறர் உழைப்பை மதி என்ற பாடம் அது. தன்னிலிருந்து பிறரை நோக்கி ஒவ்வொரு அடியாகப் பிள்ளை நகர்கிறது. நம் முன்னோர் குழந்தையை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

பாட்டி நடத்திய பள்ளிக்கூடம்

இலக்கியத்தை விட்டு வீட்டு வழக்குக்கு வருவோம். 'பருப்பு கடைதல்' தெரியாத தமிழர் உண்டா? பேரனின் உள்ளங்கையை விரித்து வைத்துப் பாட்டி பருப்பு கடைவாள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது மாமாவுக்கு, இது அத்தைக்கு என்று பங்கு வைப்பாள். கடைசியில் நண்டு ஊர்வது போல விரலைக் கையில் ஏற்றிக் கிச்சுக்கிச்சு மூட்டுவாள். இல்லாத பருப்பை இருக்கிறவர்களுக்கெல்லாம் பங்கிட்ட பிறகுதான் சிரிப்பு! தாலாட்டிலும் இதே முறைதான். யார் அடித்து அழுதாய் என்று அத்தை, மாமன், பாட்டி என உறவுகளைப் பேர் சொல்லி வரிசையாகக் கேட்கும் பாட்டு, சொந்தக்காரர்களின் வருகைப் பதிவேடு மாதிரி.

பிள்ளை சற்று வளர்ந்தால் பல்லாங்குழி. பதினான்கு குழி, சோழியோ புளியங்கொட்டையோ போதும். எண்ணிக்கை கற்பது ஒரு பயன். தன் முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றால் காயைக் கலைக்காமல் இருப்பது ஆகியவை அதைவிடப் பெரிய பயன்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த வீட்டில் பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் பல நேரம் அக்காள்தான். பிள்ளைக்குப் பழகக் கற்றுக்கொடுத்தவர்கள் பாதிக்கு மேல் மற்றப் பிள்ளைகளே. பாட்டி நடுவர். "பங்கு வைக்கிறவன் கடைசியில எடுத்துக்கோ" என்று ஒரு சட்டம் போட்டால் முறுக்குச் சண்டை தீர்ந்தது. பங்கு வைக்கிறவன் தானாகச் சரிசமமாக வைப்பான்!

அப்பா அடித்தால் பிள்ளை ஓடுவது தாத்தா மடிக்கு. நல்ல தாத்தா என்ன செய்வார்? கண்ணைத் துடைப்பார், ஒரு கதை சொல்வார், "போ, போய் அப்பா கிட்டே இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்புவார். மடி அடைக்கலம் தரும், தீர்ப்பை மாற்றாது. தாத்தா அங்கேயே உட்கார்ந்து "உங்கப்பனுக்கு என்ன தெரியும்" என்றால், பிள்ளை கற்பது அன்பை அன்று. யாரிடம் போனால் காரியம் நடக்கும் என்ற தந்திரத்தை. ஒரே கடையில் இரண்டு கல்லாப்பெட்டி வைத்தால் எந்தக் கணக்கும் நேராகாது.

கூட்டுக் குடும்பம்: கதையும் கணக்கும்

'அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தாத்தா பாட்டி இருந்தார்கள்' என்பதைச் சற்று நிதானித்துத்தான் ஏற்க வேண்டும். 1941-51 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. பிறந்த சிசுக்கள் பெருமளவில் இறந்ததால் இந்த எண் இவ்வளவு தாழ்ந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் அறுபது, எழுபது வரை வாழ்ந்ததும் உண்டு. ஆயினும் நான்கு தாத்தா பாட்டியரையும் கண்ட குழந்தைகள் அன்று குறைவாகவே இருந்திருக்க வேண்டும். இன்று சராசரி ஆயுள் 70ஐ ஒட்டி நிற்கிறது. பேரக் குழந்தைகளுக்கு உயிரோடு இருக்கும் மூத்தோர் இக்காலத்தில்தான் அதிகம். ஒரே கூரையின்கீழ் இருப்பதுதான் குறைவு.

கூரையும் எல்லாம் அன்று. சமூகவியலாளர் ஐ. பி. தேசாய் சௌராட்டிரத்தின் மகுவா நகரில் செய்த ஆய்வை 1964இல் நூலாக வெளியிட்டார். தனித்தனி அடுப்பு வைத்திருந்தாலும் சொத்தாலும் கடமையாலும் குடும்பங்கள் பிணைந்தே இருந்தன என்று அதில் காட்டினார். அடுப்பு வேறு, குடும்பம் ஒன்று. நம் மும்பைத் தமிழர் நிலையும் பெரும்பாலும் இதுதானே!

புணேயைச் சேர்ந்த இராவதி கார்வே 1953இல் வெளியிட்ட இந்திய உறவுமுறை பற்றிய நூலில் இன்னொரு வேற்றுமையைக் காட்டினார். வடபுலத்தில் பெண் முன்பின் தெரியாத வீட்டுக்கு மணமாகிப் போகிறாள். தென்னாட்டில் தெரிந்த உறவுக்குள்ளேயே போகிறாள். நம் சொற்களே இதற்குச் சான்று. அப்பாவின் தங்கையும் 'அத்தை', மாமியாரும் 'அத்தை'. அம்மாவின் தம்பியும் 'மாமா', மாமனாரும் 'மாமா'. அத்தை மகனை மணந்தவளுக்கு மாமியார், பிறந்தது முதல் தூக்கி வளர்த்த அத்தையே. அவளுக்குப் பிறக்கும் பிள்ளையின் இரு பக்கத்துப் பாட்டி தாத்தாவில் இருவர் உடன்பிறந்தவர்கள். பிள்ளைக்கு என்ன ஊட்டுவது, எப்போது கண்டிப்பது என்பதில் இரு வீட்டு வழக்கமும் ஏற்கெனவே ஒன்று. ஒத்துப்போவதற்குத் தனி முயற்சி வேண்டியிருக்கவில்லை.

நெருங்கிய உறவில் மணம் வேண்டாம் என்று மருத்துவர்கள் இன்று சொல்வது சரியே. ஆனால் அன்று உறவே செய்துகொடுத்த வேலையை இன்று பேச்சினால் செய்தாக வேண்டும். சொல்லாமலே புரிந்த காலம் போய்விட்டது.

ரயில் ஏறிய குடும்பம்

1871இல் மும்பையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. தாராவியின் தோல் தொழிலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்தவரும், அலுவலக வேலைக்குப் படித்தவர்களும் வந்து சேர்ந்தனர். 1880 முதல் அஞ்சலகம் மணியார்டர் அனுப்பத் தொடங்கிற்று. மகன் இங்கே, பணம் வழியில், பெற்றோர் ஊரில் என்ற புதிய குடும்பம் பிறந்தது.

அந்தக் குடும்பம் இரண்டு கயிறுகளை அறுக்காமல் வைத்திருந்தது. ஒன்று, தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை கண் விழித்து முதலில் பார்ப்பது அம்மாவைப் பெற்றவளை. மற்றொன்று, கோடை விடுமுறை. தாதரில் சென்னை வண்டி ஏறினால் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஊர்வாசம். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, பெரியப்பா பிள்ளை என்று பத்துப் பேர் ஒரே பாயில் படுத்துறங்கும் அந்த இரண்டு மாதம், மீதிப் பத்து மாதத்துக்கும் போதுமான படிப்பு.

இங்கேயும் வேறொரு துணை இருந்தது. 1920களில் அரசு கட்டிய பி.டி.டி. சால்களில் ஒரு குடித்தனத்துக்கு 160 சதுர அடி, ஒரே அறை. ஆனால் தாழ்வாரம் பொது. கதவு பகலில் சாத்துவதில்லை. சொந்தப் பாட்டி ஊரில் இருந்தாலும், அடுத்த அறை மராட்டிய 'ஆஜி' இருந்தாள். நம் பிள்ளைகள் மராட்டி கற்றதும், பிறர் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று கற்றதும் அந்தத் தாழ்வாரத்தில்தான். இன்று இருபது மாடிக் கட்டடத்தில் அறைகள் கூடிவிட்டன, தாழ்வாரம் போய்விட்டது.

இன்றைய வீடு

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தை, மகாராட்டிரத்தில் 1.7. அதாவது முன்பு பிள்ளைகள் பலர், பெரியவர் ஒருவர். இப்போது பிள்ளை ஒன்று, பெரியவர் நால்வர். இங்குள்ள குஜராத்தி, மார்வாடி வணிகர்கள் அசலைவிட வட்டி இனிது என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிப்பார்கள். மகன் அசல், பேரன் வட்டி. உண்மைதான். ஆனால் ஒரே பேரன் மேல் நான்கு பேர் கண்ணும் இருந்தால், பொம்மையைக் கேட்க ஆள் இல்லை, பங்கு கொடுக்க ஆள் இல்லை, தோற்கடிக்க ஆள் இல்லை. தாத்தாவும் வேண்டுமென்றே தோற்றுவிடுகிறார்!

பலர் கையில் வளர்வது குழந்தைக்கு நல்லதா? அமெரிக்க மானிடவியலாளர் சாரா ஹிர்டி 2009இல் எழுதிய நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதக் குழந்தை தொன்றுதொட்டுத் தாயோடு பாட்டி முதலிய பலர் கையிலும் வளர்ந்தது. ஆகவே பலருடைய முகக்குறிப்பையும் படித்தறியும் தேவை அதற்கு ஏற்பட்டது. பிறர் மனத்தை அறியும் மனிதத் திறன் அதிலிருந்து வளர்ந்தது என்கிறார். சீன நகரங்களில் பெற்றோர் வேலைக்குப் போக மூத்தோர் பிள்ளையைப் பார்ப்பது மிகப் பரவலான வழக்கம். அங்கு நடந்த ஆய்வுகள், மூத்தோர் வீட்டில் இருக்கிறார்களா என்பதோடு நில்லாமல், அவர்களும் பெற்றோரும் ஒத்துப்போகிறார்களா என்பதையும் பார்க்கின்றன. ஒற்றுமை உள்ள வீட்டுப் பிள்ளைகள் பிறரோடு எளிதில் பழகுவதாக அவற்றில் பல சொல்கின்றன. பிள்ளை சாதுவாக இருப்பதாலேயே பெரியவர்களுக்குள் சண்டை குறைவு என்றும் இருக்கலாம்; எது முன், எது பின் என்று பிரிப்பது எளிதன்று. ஆயினும் செவிலி கூற்றுப் பத்து தேடியதும் அதே ஒருமனத்தைத்தானே!

நம் வீடுகளில் சிக்கல் எங்கே வருகிறது? ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு இந்தி தெரியாது, மராட்டி தெரியாது. கீழே பூங்காவுக்குப் போகக் கூச்சம். ஆகவே பிள்ளையும் அவளோடு நான்கு சுவருக்குள். பேசுவதற்கு ஆள் இல்லாததால் தொலைக்காட்சி, கைப்பேசி. மாலை வேலை முடிந்து வந்த மருமகள் "ஏன் போனைக் கொடுத்தீங்க அத்தை?" என்கிறாள். பாட்டிக்கு முகம் வாடுகிறது. பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறது. பழகும் திறனைப் பற்றி அது அன்றைக்குக் கற்கும் பாடம் இந்தக் காட்சிதான்.

எங்கள் தமிழ்ச் சமண வீடுகளில் சூரியன் மறையும் முன் உண்பது விரதம். ஊரில் வீடே சேர்ந்து உண்ணும். இங்கே தாயும் தந்தையும் மின்ரயிலில் வந்து சேர எட்டு மணி ஆகிறது. ஆகவே பல வீடுகளில் பிள்ளைக்கு மாலை உணவு தாத்தா பாட்டியோடுதான். தட்டில் வைத்ததை வீணாக்காமை, எறும்புக்கும் தீங்கு செய்யாமை, உணவுக்கு முன் வணக்கம் சொல்லல் எல்லாம் அந்த வேளையில் வந்துவிடுகின்றன. பெற்றோர்க்கு உறங்கவைக்கும் வேளை. யார் எந்த நேரம் என்பது தெளிவாக இருப்பதால் சண்டைக்கு இடம் குறைவு. எந்தச் சமயத்தாரும் தம் வழக்கத்துக்கேற்ப இப்படி நேரம் பிரித்துக்கொள்ளலாம்.

நிறைவாக

மேற்கண்டவற்றால் தெரிவது, தாத்தா பாட்டி வீட்டில் இருப்பது மட்டும் பிள்ளைக்குப் பழகக் கற்றுக்கொடுத்துவிடாது என்பதே. ஆளுக்கு ஒரு வேலை, எல்லாருக்கும் ஒரு சொல், சுற்றிலும் வேறு பிள்ளைகள் ஆகிய மூன்றும் அன்று சேர்ந்திருந்தன. இன்று அவை தாமாகச் சேருவதில்லை, நாம்தான் சேர்க்க வேண்டும்.

சாப்பாடு, கைப்பேசி, கண்டிப்பு ஆகிய மூன்றில் என்ன விதி என்பதைப் பெரியவர்கள் நால்வரும் பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். பிள்ளையின் எதிரே ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்காதிருக்கலாம். மூத்தோர் சம்பளமில்லா ஆயா அல்லர். அவர்களுக்கும் ஓய்வும் உறவினரைப் பார்க்கும் நாளும் வேண்டும். ஊர் திரும்புகிறார்கள் என்றால் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கையாலேயே விடைபெறச் செய்ய வேண்டும். "பள்ளிக்கூடம் சேர்த்தாச்சு, இனி நீங்க போகலாம்" என்று அனுப்பும் வீட்டில், ஆளை எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்ற கணக்கைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். 2007ஆம் ஆண்டின் மூத்தோர் பராமரிப்புச் சட்டம் 'பிள்ளைகள்' என்ற சொல்லில் வயதுவந்த பேரன் பேத்தியரையும் சேர்த்திருக்கிறது. ஆனால் பாசம் சட்டத்தால் வசூலாவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழ். பாட்டியோடு பேச மொழி இல்லாத பேரனுக்குப் பருப்பு கடைந்து என்ன பயன்? 'வாங்க', 'உட்காருங்க', 'சாப்பிட்டீங்களா' என்று ஒரு பிள்ளை சொல்லக் கற்பது பாடநூலில் அன்று, அப்படிச் சொல்ல வேண்டிய ஒருவர் எதிரே இருக்கும்போதுதான். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டு மூத்தோர் வெளியே நாற்காலியில் காத்திருக்கிறார்கள். அவர்களை உள்ளே அழைத்து ஒரு மணி நேரம் கொடுங்கள். நான்கு பல்லாங்குழிப் பலகை, ஒரு படி புளியங்கொட்டை, இருபது பிள்ளைகள், ஆறு தாத்தா பாட்டிகள் போதும். மொழி தெரியாத ஊரில் அடைந்து கிடக்கும் மூத்தோர்க்கு வெளியே வர ஒரு வாசல் கிடைக்கும். ஒற்றைப் பிள்ளைக்கு அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் கிடைப்பார்கள். செலவு மிகக் குறைவு. வரும் பொங்கலுக்குள் தொடங்கிவிடலாம்.